சாவியை எடுத்தும் நிற்காத டீசல் எஞ்சின்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் நிறையப் பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். வான், லொறி, ஜீப், மரக்கறித் தோட்டத்து பம்ப் என்று எஞ்சின்தான் வேறு வேறு, புகார் ஒன்றுதான்: ஓஃப் பண்ணினால் நிற்பதில்லை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (ஹட்டன்): டொல்பின் வானில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். கொஞ்ச நாளாகச் சாவியைத் திருப்பி வெளியே எடுத்தாலும் எஞ்சின் பாட்டுக்கு ஐட்லிங்கில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளச்சை விட்டுத்தான் நிறுத்துகிறேன். கராஜில் டீசல் பம்பையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: தம்பி, பம்பை இப்போதைக்குத் தொடவே விடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பம்பை மாற்றுவதற்கு ஒரு காரணமும் தெரியவில்லை, அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன, அதுவும் காசு செலவில்லாமல்.

பெற்றோல் எஞ்சின் என்றால் சாவியைத் திருப்பியதும் பிளக்குக்குப் போகும் கரண்ட் நின்றுவிடும், பொறி இல்லாவிட்டால் எரிய வழியில்லை. டீசலில் அந்தப் பொறியே கிடையாது. காலைக் குளிரில் ஸ்டார்ட் பண்ண உதவும் ஹீட்டர் பிளக் வேறு விஷயம், எஞ்சின் ஓடிச் சூடான பிறகு அதற்கு வேலையில்லை. உங்கள் வானில் இருப்பது போன்ற பழைய எஞ்சின்கள் சிலிண்டருக்குள் வந்த காற்றை 20 மடங்குக்கு மேல் நெருக்குகின்றன, அந்த நெருக்கலிலேயே காற்று 500 பாகைக்கு மேல் சூடாகி, நொசில் பீச்சும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. டீசலும் காற்றும் கிடைக்கும் வரை எஞ்சின் ஓடும், கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. சாவியின் வேலை டீசல் போகும் வழியை மூடச் சொல்வது மட்டும்தான்.

அந்த வழியை மூடுவது எது என்று பாருங்கள். வானின் டீசல் பம்பில், நொசில்களுக்குப் போகும் நான்கு இரும்புக் குழாய்களும் கிளம்புகிற பக்கத்தில், பெருவிரல் தடிப்பில் ஒரு உருளை நிமிர்ந்து நிற்கும், அதன் உச்சியில் சின்ன நட்டோடு ஒற்றை வயர் வந்து சேரும். அதுதான் டீசலை வெட்டும் சொலனொயிட். சாவியை ஓன் பண்ணினால் 12 வோல்ட் அதற்குப் போய், உள்ளே இருக்கும் சின்ன ஊசியை மேலே இழுத்து வைத்துக்கொள்ளும், டீசல் போகும். ஓஃப் பண்ணினால் காந்தம் விடும், ஸ்பிரிங் ஊசியைக் கீழே தள்ளி ஓட்டையை அடைக்கும். ஆகவே உங்கள் வான் நிற்காததற்குக் காரணம் இரண்டில் ஒன்று. சாவியை எடுத்த பிறகும் அந்த வயரில் கரண்ட் வந்துகொண்டிருக்கிறது, அல்லது கரண்ட் நின்றும் ஊசி கீழே இறங்கவில்லை.

எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வையுங்கள். எஞ்சின் ஓடட்டும். சாவியை எடுங்கள். ஓடிக்கொண்டே இருந்தால், வயர் போட்ட 12 வோல்ட் பல்ப் ஒன்றின் ஒரு முனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் மற்ற முனையை அந்த நட்டிலும் வையுங்கள், பெல்ட்டும் ஃபேனும் பக்கத்தில் சுற்றுவதால் சட்டைக் கை தொங்காமல் பார்த்துக்கொண்டு. பல்ப் எரிந்தால், மங்கலாக எரிந்தாலும் சரி, கோளாறு வயரிங்கில். எரியாமல் எஞ்சின் மட்டும் ஓடினால் கோளாறு அந்த ஊசியில். பல்ப் இல்லையென்றால் வயரைக் கழற்றிப் பாருங்கள், கழற்றிய முனை இரும்பில் படக்கூடாது. கழற்றியதும் நின்றால் வயரிங், நிற்காவிட்டால் ஊசி. இதைச் செய்யாமல் பம்ப் போய்விட்டது என்று யார் சொன்னாலும் அது ஊகம்தான்.

வயரிங் என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சாவி போடும் சுவிட்ச். வருஷக்கணக்கில் திருப்பித் திருப்பி உள்ளே செப்புத் தகடு தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்தது பிற்பாடு பூட்டிய அலாரம், ரேடியோ, மேலதிக லைட் எல்லாம், எங்கேயோ ஒரு வயரை எங்கேயோ சேர்த்திருப்பார்கள். மூன்றாவதைப் பலர் தவற விடுகிறார்கள். சாவியை எடுத்த பிறகு டாஷ்போர்டில் சார்ஜ் பல்ப் மங்கலாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், எஞ்சின் சுற்றும்போது அல்டர்னேட்டர் தயாரிக்கும் கரண்ட் அந்தப் பல்ப் வழியாகப் பின்னோக்கி வந்து சொலனொயிட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. ஊசியை மேலே இழுக்கத்தான் முழு கரண்ட் வேண்டும், இழுத்ததைப் பிடித்து வைக்கக் கொஞ்சம் போதும். அண்மையில் அல்டர்னேட்டரை மாற்றி, வேறு வண்டியினதைப் பூட்டியிருந்தால் இதை நான் பலமாகச் சந்தேகிப்பேன். அந்தப் பல்ப் வயரில், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட் ஒன்றைச் சரியான பக்கம் பார்த்துப் போட்டால் தீர்ந்துவிடும், நல்ல எலெக்ட்ரீஷியனுக்குச் சின்ன வேலை.

ஊசி என்று வந்தால், பெரும்பாலும் அழுக்கு. சொலனொயிட்டை ஸ்பேனரால் மெதுவாகத் தட்டினால் எஞ்சின் நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் ஊசி சிக்கிக்கொள்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம். 2022இல் டீசல் வரிசையில் நின்ற காலத்தில் கானில் வாங்கி, ட்ரம்மில் சேர்த்து வைத்து, அடியில் இருந்த தண்ணீரும் துருவும் சேர்த்துத் தாங்கியில் ஊற்றிய வண்டிகள் நம் பக்கம் ஏராளம். மண்ணெண்ணெய் கலந்தவர்களும் உண்டு, அதனால் பம்புக்குக் கிடைக்க வேண்டிய வழுவழுப்பும் குறைந்துபோகும். சொலனொயிட்டைக் கழற்றுவதற்கு முன் சுற்றுப்புறத்தை டீசலும் பிரஷ்ஷும் போட்டு நன்றாகக் கழுவச் சொல்லுங்கள், ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் அப்போதுதான் உண்மையிலேயே பம்புக்குக் கேடு. கழற்றும்போது ஊசியும் அதற்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங்கும் வெளியே நழுவும், கையை வைத்துப் பிடிக்க வேண்டும். றப்பர் வளையத்தைப் புதிதாகப் போட வேண்டும்.

இன்னொன்றையும் கேட்கிறேன், யோசித்துப் பாருங்கள். இதற்கு முன் எப்போதாவது வான் வழியில் நின்று, யாராவது வந்து அந்த ஊசியைக் கழற்றி எடுத்துவிட்டு "இப்போதைக்கு ஓடும்" என்று அனுப்பினார்களா? சொலனொயிட் எரிந்துபோனால் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் செய்யும் வேலை அது. வீடு வந்த பிறகு திரும்பப் போடாமல் விட்டால் அந்த எஞ்சின் சாவிக்கு ஒருநாளும் நிற்காது.

சரி, இப்போது நீங்கள் கேட்காத விஷயம். கியரில் போட்டு நிறுத்துவதைத் தயவுசெய்து வழக்கமாக்காதீர்கள். பிள்ளைகள் இறங்கி வானுக்கு முன்னால்தான் ரோட்டைக் கடக்கிறார்கள். நம் ஊர் ரோட்டில் சமதரை எங்கே இருக்கிறது? பிரேக் பெடலில் கால் கொஞ்சம் தளர்ந்தால் வான் ஒரு அடி துள்ளும், அந்த ஒரு அடிக்குள் ஒரு பிள்ளை நிற்கும். இது பழுதுபார்க்கப்படும் வரை பிள்ளைகளை ஏற்ற வேண்டாம், வேறு வான்காரர் ஒருவரிடம் சொல்லி விடுங்கள். கராஜுக்குக் கொண்டுபோகும்போது அப்படித்தான் நிறுத்தியாக வேண்டும் என்றால், மூன்றாவதில் வேண்டாம், இருப்பதிலேயே மேல் கியரில் போடுங்கள். கியர் கீழே போகப் போக சில்லைத் தள்ளும் பலம் கூடும், மேல் கியரில்தான் எஞ்சின் இலேசாக அமுங்கும்.

பெட்டரி டெர்மினலைக் கழற்றினால் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அல்டர்னேட்டர் சுற்றும் வரை சொலனொயிட்டுக்குக் கரண்ட் கிடைக்கும், எஞ்சின் நிற்காது, அதற்குள் வோல்ட் எகிறி அல்டர்னேட்டர் டயோட்டுகளைத்தான் எரித்துவிடும்.

கேள்வி (வெலிமடை): மரக்கறி ஏற்றும் பழைய லொறி. சாவியால் நிற்பதில்லை, இழுத்து நிறுத்தும் கேபிள்தான். இப்போது குமிழ் முழுவதும் வெளியே வந்தாலும் எஞ்சின் இறங்கி இறங்கி ஓடுகிறதே தவிர நிற்கவில்லை.

பதில்: கேபிளின் வெளி உறை கிளிப்பிலிருந்து நழுவியிருக்கும், அல்லது உள்கம்பி நீண்டிருக்கும். நீங்கள் இழுப்பதில் பாதிதான் பம்புக்குப் போய்ச் சேருகிறது. ஒருவர் சாரதி ஆசனத்தில் இருக்க, இன்னொருவர் பம்பில் இருக்கும் ஸ்டொப் லீவரைக் கையாலேயே கடைசி வரை தள்ளிப் பாருங்கள். நின்றால் பம்ப் நல்லது, கேபிளை மாற்றுங்கள், மழையும் பனியும் ஊறித் துருப்பிடித்த கேபிளுக்கு எண்ணெய் விட்டு ஓட்டுவது கொஞ்ச நாளைக்குத்தான். புதுக் கேபிள் போட்ட பிறகு, குமிழை உள்ளே தள்ளினால் லீவரும் முழுவதும் திரும்பி வருகிறதா என்று பாருங்கள், பாதியில் நின்றால் ஏற்றத்தில் லொறி இழுக்காது, பிறகு அதற்கு வேறு காரணம் தேடி அலைவீர்கள்.

கையால் முழுவதும் தள்ளியும் நிற்கவில்லை என்றால் பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் சட்டம் இறுகியிருக்கிறது. அதோடு லொறியை ஓட்டாதீர்கள். நிறைய டீசல் போகும் இடத்தில் அது இறுகிவிட்டால், அடுத்த தடவை ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் அலறிக்கொண்டு ஏறும்.

கேள்வி (தலவாக்கலை): ஜப்பானிலிருந்து வந்த பழைய டர்போ ஜீப் ஒன்று வாங்கினேன். சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிய பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் ஓடிவிட்டு அப்புறம் தானாக நிற்கிறது. கோளாறா?

பதில்: கோளாறாகத் தெரியவில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இலக்கம் ஓடும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதா பாருங்கள், அது டர்போ டைமர். புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பதுதான் டர்போ, மலை ஏறி வந்ததும் அது சிவக்கச் சூடாகிச் சுற்றிக்கொண்டிருக்கும், எஞ்சினை உடனே நிறுத்தினால் அதற்குப் போகும் ஒயிலும் நின்று, அச்சில் இருக்கும் ஒயில் கருகிக் கரியாகப் படியும். அதைத் தவிர்க்கத்தான் முதல் சொந்தக்காரர் பூட்டியிருக்கிறார். வேண்டாம் என்றால் பெட்டியில் நேரத்தைப் பூச்சியமாக்கலாம், நீங்களே ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டுவிட்டு நிறுத்தினால் அதே பலன். டைமர் ஓடும்போது கியரில் போட்டு நிறுத்திவைக்க முடியாது என்பதை மறக்காதீர்கள். சரிவில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிப் போகவேண்டாம், எஞ்சின் நிற்கும் வரை இருந்து கியரைப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

கேள்வி (நுவரெலியா): மாமாவின் டர்போ லொறி இறம்பொடைப் பக்கமிருந்து ஏறி வரும்போது, காலை எடுத்த பிறகும் எஞ்சின் வேகம் கூடிக்கூடிப் போனது. சாவியை எடுத்தார், நிற்கவில்லை. ரோடே தெரியாத அளவுக்கு வெண்ணீலப் புகை. கடைசியில் ஒரு பெரிய சத்தத்தோடு எஞ்சின் இறுகிவிட்டது. டீசலை நிறுத்தியும் எப்படி ஓடியது?

பதில்: ஓடியது டீசலில் இல்லை, எஞ்சின் ஒயிலில். மேலே ஹட்டன் தம்பிக்குச் சொன்னதும் இதுவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போல இருக்கும், ஆனால் முற்றிலும் வேறு. எஞ்சின் ஐட்லிங்கிலேயே அமைதியாக ஓடிக்கொண்டிருந்தால் டீசல் வெட்டப்படவில்லை என்று அர்த்தம், நிதானமாகப் பார்க்கலாம். நீங்கள் ஒன்றும் செய்யாமலே வேகம் ஏறினால், புகை கக்கினால், உங்களுக்கு இருப்பது சில வினாடிகள்தான்.

டர்போவின் அச்சு ஒயிலில்தான் மிதந்து சுற்றுகிறது. அந்த இடத்து சீல் போனால் ஒயில் காற்றுக் குழாய்க்குள் இறங்கி, சிலிண்டருக்குப் போய், டீசலைப் போலவே எரியும். வேகம் கூட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், இன்னும் ஒயில் வரும், இன்னும் வேகம். டீசலை எப்படி மூடினாலும் பயனில்லை, அது தன் ஒயிலையே குடித்துக்கொண்டிருக்கிறது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், காற்று கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு மெல்லியது, முழுப் பாரத்தோடு அங்கே ஏறும்போது டர்போ கடுமையாக உழைக்கிறது, பலவீனமான சீல் போவதற்கு அதைவிட வேறு இடம் வேண்டாம். டர்போ இல்லாத எஞ்சினிலும் இது நடக்கும்: பிஸ்டன் ரிங் தேய்ந்து, எஞ்சின் மூச்சு விடும் ப்ரீதர் குழாய் வழியாக ஒயில் ஆவி ஏறும்போது, அல்லது ஒயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கும்போது.

மெனுவல் கியர் என்றால் செய்ய வேண்டியது இது: பிரேக்கைக் காலால் முழுப் பலத்தோடு மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, மேல் கியரைப் போட்டு, கிளச்சைச் சட்டென்று விடுங்கள். மெதுவாக விட்டால் கிளச் எரிந்து வழுக்கிவிடும், பிறகு அந்த வழியும் இல்லை. ஓட்டோ கியரில் இது முடியாது, காற்றை அடைப்பது ஒன்றுதான் வழி. காற்று உள்ளே போகும் குழாயின் வாயில் தட்டையான பலகை, இரும்புத் தகடு, தடித்த புத்தகம் எதையாவது வைத்து அமுக்க வேண்டும். கையை வைக்கவே கூடாது, அந்த உறிஞ்சல் கையைப் பிய்த்துவிடும். துணியும் வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும். கார்பன் டை ஒக்சைட் தீயணைப்பான் இருந்தால் அதைக் காற்றுக் குழாய்க்குள் அடிக்கலாம். அந்த சில வினாடிகளுக்குள் ஒன்றும் செய்ய முடியாவிட்டால், சில்லுக்குக் கல் வைத்துவிட்டு ஆட்களைத் தூரமாக அனுப்புங்கள், எஞ்சினுக்குப் பக்கவாட்டில் யாரும் நிற்க வேண்டாம், உடைந்தால் இரும்புத் துண்டுகள் பறக்கும். லொறியைக் காப்பாற்றப் போய் மனிதன் போகக்கூடாது. மாமா பத்திரமாக இருக்கிறார் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

முன்னறிகுறி கட்டாயம் இருந்திருக்கும். டர்போவிலிருந்து வரும் றப்பர் குழாயைக் கழற்றினால் ஒயில் சொட்டுவது, அடிக்கடி ஒயில் குறைவது, நீண்ட நேரம் ஐட்லிங்கில் நின்று கிளம்பும்போது நீலப் புகை. ஆனால் ஒயில் குறைவதைக் கவனிக்கும் பலர் ஒயில் கூடுவதைக் கவனிப்பதில்லை. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், யாரும் ஊற்றாமல் ஒயில் பெருகியிருந்தால், அது ஒயில் இல்லை, டீசல் கசிந்து கலந்திருக்கிறது. ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விட்டுப் பாருங்கள்: நடுவில் கறுப்பும், அதைச் சுற்றி மெல்லிய எண்ணெய் வளையம் வேகமாகப் பரவுவதும் தெரியும், முகர்ந்தால் டீசல் வாசம் வரும். புகைக்கூட்டில் வடிகட்டி உள்ள புதிய வாகனங்களில், கரியை எரிக்கக் கூடுதலாகப் பீச்சும் டீசலே இப்படி ஒயிலில் இறங்கும், ஊருக்குள் குறுந்தூரம் மட்டும் ஓடுபவர்கள் கவனிக்க வேண்டும்.

எஞ்சின் வெளியிலிருந்து எரிவாயுவை உறிஞ்சினாலும் இதேதான் நடக்கும். 2005 மார்ச் 23ஆம் திகதி அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தில் கசிந்து பரவிய ஆவியை, பக்கத்தில் ஐட்லிங்கில் நின்ற டீசல் பிக்கப் ஒன்று உறிஞ்சி வேகமெடுத்தது, அதை நிறுத்த முடியவில்லை, வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். கேஸ் சிலிண்டர் ஏற்றி இறக்கும் இடத்தில் லொறியை ஓடவிட்டுக்கொண்டு நிற்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

மாமாவிடம் சொல்லுங்கள், எஞ்சினைப் பிரித்துச் செய்தாலும் சரி, வேறு எஞ்சின் வாங்கினாலும் சரி, பழைய டர்போவையும், அது அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் அப்படியே பூட்டக்கூடாது. இன்டர்கூலருக்குள் தேங்கி நிற்கும் ஒயில் புது எஞ்சினையும் அதே போல ஓட வைக்கும். கழுவி, காய வைத்து, டர்போ அச்சு ஆடுகிறதா என்று பார்த்த பிறகுதான்.

கேள்வி (பதுளை): புஷ் ஸ்டார்ட் உள்ள புது டீசல் பிக்கப். ஒருநாள் பட்டனை அழுத்தியும் நிற்கவில்லை, மறுபடி அழுத்த நின்றது. பயப்பட வேண்டுமா?

பதில்: கியர் லீவர் பார்க்கில் முழுமையாக விழாமல் அழுத்தியிருக்கலாம். பெரும்பாலான வாகனங்களில் பட்டனை மூன்று வினாடி போல அழுத்திப் பிடித்தாலோ, அடுத்தடுத்து மூன்று முறை அழுத்தினாலோ எஞ்சின் அணையும், உங்கள் கையேட்டில் எது என்று பார்த்து வையுங்கள். திரும்பவும் நடந்தால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள், ரிலே ஒட்டிக்கொள்வதாக இருக்கலாம். ஓடும் எஞ்சினில் நொசில் வயர்களைப் பிடுங்க யாரையும் விடவேண்டாம், அதில் ஓடுவது 12 வோல்ட் இல்லை.

கேள்வி (கந்தப்பளை): லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். லீவரைக் கீழே இழுத்தால் நிற்பதில்லை. தாங்கிப் பைப்பை மூடித்தான் நிறுத்துகிறோம், மறுநாள் ஸ்டார்ட் பண்ண அரை நாள் போகிறது.

பதில்: பைப்பை மூடினால் குழாயில் இருக்கும் டீசல் தீரும் வரை ஓடி, பிறகு காற்றை இழுத்துக்கொண்டு நிற்கிறது. மறுநாள் அந்தக் காற்றை எடுக்காமல் ஸ்டார்ட் ஆகாது. அவசரத்துக்கு மட்டும் செய்யுங்கள். சுற்றும்போது மேலே இருக்கும், சிலிண்டரின் நெருக்கலை விடுவிக்கும் டிகம்ப்ரெஷன் லீவரைத் தூக்கி நிறுத்தும் பழக்கமும் வேண்டாம், வால்வு கெட்டுவிடும்.

லீவரிலிருந்து பம்புக்குப் போகும் கம்பியையும், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். சேறும் உரமும் பட்டு மூட்டு இறுகியிருக்கும், அல்லது ஸ்பிரிங்கின் கொக்கி நழுவியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த பின்னை மாற்றி, லீவர் கடைசி வரை போகும்போது பம்பின் சட்டமும் கடைசி வரை போகிறதா என்று எஞ்சின் நிற்கும்போதே கையால் அசைத்துப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஸ்பிரிங்கை மாற்ற வேண்டி வந்தால் பழையதைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். நீளமும் தடிப்பும் அதே இருக்க வேண்டும், இறுக்கமான ஸ்பிரிங்கைப் பூட்டினால் எஞ்சின் அதற்குச் சொன்ன வேகத்தைத் தாண்டி ஓடும்.